இரண்டாம் முறை கேட்கப்படும் வினா



மணம் பேசி முடித்துப் பின்னர் முறித்துக்கொண்ட இருவர், சில ஆண்டுகள் கழித்து, ஏதோவொரு விடுமுறைக் காலத்தில், வீட்டைவிட்டு விலகிய ஓரிடத்தில் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். பழைய புண் ஆறிவிட்டதா என்பது அவ்விருவருக்கே தெளிவாகத் தெரியாது. உடனிருப்போருக்கோ புண் இருந்ததே தெரியாது. இவ்வமைப்பில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கதைகள் எண்ணற்றவை. அண்மைக் காலத்தில் அவற்றுள் ஒரு கிளை தனித்துத் தெரிகிறது. அதில் அந்த இருவரும் பெண்கள். ஒருத்தியின் விரலில் மற்றவள் மோதிரம் அணிவித்து, திருமணத்துக்கு நாளும் குறித்தபின் பிரிந்தவர்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனி மூடிய ஊரொன்றில் மறுபடியும் சந்திக்கிறார்கள்.

பொழுதுபோக்குப் புதினங்கள் என்று ஒதுக்கிவிடக்கூடிய இவற்றைப் பற்றி ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் பேசுவானேன் என்ற ஐயம் எழலாம். இக்கதை எழுதப்படுவதற்கு முன் என்னென்ன நடந்தேற வேண்டியிருந்தது என்று பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். இரண்டாம் வாய்ப்பு என்று ஒன்று இருக்கவேண்டுமானால், முதல் வாய்ப்பு என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். முறிப்பதற்கு முதலில் ஓர் உறுதி வேண்டும். இரு பெண்கள் ஒருவருக்கொருவர் அந்த உறுதியை ஊரறியத் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லாதிருந்த காலம் மிக நெடியது.

கதையமைப்பின் தாய்வேர் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ என்னும் புதினத்தில் இருக்கிறது. ஆஸ்டின் 1817 ஜூலையில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில், 1818 என்ற ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் தாங்கி, அந்நூல் வெளிவந்தது. பத்தொன்பது வயது ஆன் எலியட், செல்வமோ செல்வாக்கோ இல்லாத கடற்படை அதிகாரி பிரெடரிக் வென்ட்வொர்த்தை மணக்க இசைகிறாள். தாயைப் போன்ற லேடி ரஸ்ஸல் எடுத்துச்சொல்ல, மனம் தளர்ந்து உறுதியை முறிக்கிறாள். எட்டு ஆண்டுகள் கழிகின்றன. இருபத்தேழு வயதில் பொலிவிழந்து நிற்கும் அவள் முன், கப்பல் தலைவனாகிப் பொருளீட்டிய வென்ட்வொர்த் வந்து சேர்கிறான்.

இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் இறுதியில் வரும் கடிதத்தையே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதனினும் கூர்மையானது நடுவில் இருக்கிறது. அந்தப் பழைய மண உறுதியை அறிந்தவர் மிகச் சிலரே. ஆனின் தங்கை மேரி அப்போது பள்ளியில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பர்கிராஸ் வீட்டு விருந்துகளில் எல்லாரும் வென்ட்வொர்த்துக்குப் பெண் பார்த்து மகிழ்கையில், ஆன் ஒரு மூலையில் அமர்ந்து மற்றவர்கள் ஆடப் பியானோ வாசிக்கிறாள். முன்பு எப்போதோ சிறிது அறிமுகமானவர்கள் என்ற அளவிலேயே இருவரும் நடந்துகொள்கிறார்கள். ஓர் உயிரின் முதன்மையான உண்மையை ஓர் அறை முழுவதும் அறியாதிருக்க, அவ்வறையிலேயே தேநீர் பருகவேண்டிய நிலை அது. ஆஸ்டின் ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றித்தான் எழுதினார். ஆயினும் இரு பெண்களின் காதல் எவ்வாறு பல நூற்றாண்டுகள் வாழநேர்ந்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியைத் தேடிப் பிடிப்பது அரிது.

விடுமுறையின் பங்கும் அந்நூலிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. நவம்பர் மாதத்தில் எல்லாரும் லைம் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்கிறார்கள். கடற்காற்றில் ஆனின் முகத்தில் பழைய நிறம் திரும்புகிறது. வழியிற் கண்ட அயலான் ஒருவன் அவளை வியந்து நோக்க, அந்நோக்கை வென்ட்வொர்த் கவனித்துவிடுகிறான். வீட்டில் எட்டு ஆண்டுகளாக அவளைப் பார்க்காமல் பழகிவிட்ட கண்களே சூழ்ந்திருந்தன. அவளைப் புதிதாகக் காண்பதற்கு ஊர் மாறவேண்டியிருந்தது.

இங்கிருந்து 1952ஆம் ஆண்டின் அமெரிக்காவுக்கு வரவேண்டும். அவ்வாண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட மனநோய்ப் பட்டியலின் முதற்பதிப்பில் தன்பாலினக் காதல் ஒரு நோயாக இடம்பெற்றது. 1973இல்தான் அது நீக்கப்பட்டது. 1953 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒப்பமிட்ட ஆணை, அத்தகையோரை நடுவண் அரசுப் பணிகளிலிருந்து அகற்ற வழிசெய்தது. அதே 1952இல் மரிஜேன் மீக்கர் என்னும் இளம் பெண், வின் பேக்கர் என்ற புனைபெயரில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற மலிவுப் பதிப்புப் புதினத்தை எழுதினார். கல்லூரி மாணவியர் இருவரின் காதல் கதை அது. பதிப்பாசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார்: முடிவு இன்பமாக இருத்தல் ஆகாது. இன்பமாக முடிந்தால் அஞ்சல் துறை நூலைத் தடுத்துவிடும் என்பது அவர் அச்சம். ஆகவே ஒருத்தி சித்தம் கலங்கிப்போகிறாள். மற்றவள் தான் அவளை ஒருபோதும் காதலித்ததில்லை என்று முடிவுசெய்கிறாள். நூல் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. கதைமாந்தரைத் தண்டித்தால்தான் நூலை அஞ்சற்பையில் போடமுடியும் என்றால், அங்கே இரண்டாம் சந்திப்புக்கு ஏது இடம்?

அந்த ஆண்டிலேயே இடத்தை உண்டாக்கியவர் பட்ரீசியா ஹைஸ்மித். ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’, அதாவது ‘உப்பின் விலை’ என்ற அப்புதினம் தோன்றிய வரலாறே ஒரு கதை. 1948இல் ஹைஸ்மித் ஓர் ஆணுக்கு மண உறுதி தந்திருந்தார். அம்மணத்துக்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குச் சென்றார். அதற்கான செலவை ஈடுகட்ட, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நெரிசலில் நியூயார்க் ப்ளூமிங்டேல் கடையின் பொம்மைப் பகுதியில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தார். உயர்ந்த மென்மயிர்த் தோல் மேலங்கி அணிந்த பொன்னிறக் கூந்தற் பெண் ஒருவர் வந்து, மகளுக்குப் பொம்மை வாங்கி, முகவரி தந்துவிட்டுச் சென்றார். சில நிமிட நேரந்தான். அன்றிரவே கதையின் முழு அமைப்பையும் ஹைஸ்மித் எழுதி முடித்தார். மறுநாள் சின்னம்மைக் காய்ச்சலில் விழுந்தார். காதலைக் குணப்படுத்தும் சிகிச்சைக்குக் கட்டணம் சேர்க்கப் போன இடத்திலேயே காதற்கதை கிடைத்தது. மண உறுதி நிறைவேறவில்லை.

ஹைஸ்மித்தின் முதற் புதினத்தை வெளியிட்ட நிறுவனம் இதனை ஏற்கவில்லை. வேறொரு பதிப்பகத்தார் 1952இல் வெளியிட்டனர். ஆசிரியர் பெயர் கிளேர் மார்கன் என்று அச்சாயிற்று. தம் சொந்தப் பெயரில், ‘கரோல்’ என்ற தலைப்பில் அது வருவதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பெயர் கதைத்தலைவியினுடையது, கிறிஸ்துமஸ் கீதத்துக்கும் அதுவே பெயர்.

கதைக்கு வருவோம். தெரீஸ் பெலிவெட்டுக்கு வயது பத்தொன்பது. முதன்முறை உறுதி தந்தபோது ஆன் எலியட்டுக்கும் அதே வயது என்பதைக் கவனிக்கலாம். மேடை அரங்க அமைப்புக் கலையில் நாட்டமுடைய அவள், பிழைப்புக்காகப் பெருங்கடையொன்றில் பொம்மை விற்கிறாள். மணந்துகொள்ளும்படி ஓர் இளைஞன் அவளை வற்புறுத்திவருகிறான். கரோல் ஏர்ட் முப்பது கடந்தவள். மணமுறிவு வழக்கில் இருப்பவள். ரிண்டி என்ற சிறுமியின் தாய். பண்டிகை முடிந்ததும் இருவரும் காரில் மேற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள்.

அகத்திணை மரபில் ஊறியவர்க்கு இப்பயணம் உடன்போக்கை நினைவூட்டும். ஒப்புமையை மிக நீட்டுவது பிழை. சிறிது தூரம் மட்டும் செல்லலாம். களவு நீடிக்கையில் ஊரில் அலர் எழும். அலர் எழுந்தால் இற்செறிப்பு நேரும். தோழி வரைவு கடாவுவாள். அதுவும் கூடாதபோது உடன்போக்கு. இவ்வனைத்தும், எவ்வளவு துயர் தருவனவாயினும், ஒரு திசையையே நோக்கியவை. அலர் மணத்தை நோக்கித் தள்ளுகிறது. செவிலி பாலை வழியே தேடிச் செல்வதும் மகளின் மீதுள்ள பரிவால். கரோலும் தெரீஸும் போன வழியிலும் ஒருவன் தேடி வருகிறான். அவன் கரோலின் கணவன் கூலிக்கு அமர்த்திய துப்பறிவாளன். விடுதியறைகளில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து, நீதிமன்றத்துக்குச் சாட்சி திரட்டுகிறான். இதுவும் அலர்தான், ஆனால் நாடாவில் பதியப்பட்ட அலர், பிரிவை மட்டுமே நோக்கிய அலர். வரைவு என்ற கரை இல்லாத ஆற்றில் இருவரும் இறங்கியிருக்கிறார்கள். ஹைஸ்மித் இதனைக் கற்பனையால் மட்டும் புனையவில்லை. அவர் நெருங்கியறிந்த ஒரு செல்வர் குடும்பப் பெண், இத்தகைய விடுதியறை ஒலிப்பதிவால் தம் குழந்தையை இழந்தவர்.

கரோல் மகளுக்காக நியூயார்க் திரும்புகிறாள். தெரீஸ் அயலூர் ஒன்றில் தனியே காத்திருக்கிறாள். இனிச் சந்திப்பதற்கில்லை என்ற கடிதம் வருகிறது. அன்றைய மலிவுப் பதிப்பு மரபுப்படி கதை இங்கே முடிந்திருக்கலாம். அஞ்சல் துறைக்கும் மனநிறைவாக இருந்திருக்கும். ஹைஸ்மித் முடிக்கவில்லை. வழக்கறிஞர்கள் நீட்டிய நிபந்தனைப் பட்டியலுக்குக் கரோல் தலைவணங்க மறுக்கிறாள். மகளைப் பெரும்பாலும் இழக்கிறாள். பின்னர் தெரீஸை ஒரு விடுதியில் சந்தித்து, தான் அமர்த்தியுள்ள குடியிருப்பில் வந்து உடன் வாழுமாறு கேட்கிறாள்.

தெரீஸ் மறுத்துவிடுகிறாள்.

இப்புதினத்தின் உயிர்நிலை இந்த மறுப்பில் இருக்கிறது. திறனாய்வாளர் பலரும் இன்பமான முடிவைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அதற்குச் சிறிது முன்னர் வரும் இம்மறுப்புக்கு உரிய இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. முதன்முறை தெரீஸ் எல்லாவற்றுக்கும் இசைந்தவள். உண்பதற்கு எதை வரவழைப்பது என்பதைக்கூடக் கரோலைப் பார்த்துத் தீர்மானித்தவள். அந்த இசைவில் காதல் இருந்தது, தேர்வு இல்லை. கடிதம் வந்த நாளிலிருந்து தனியே வாழ்ந்து, தொழிலில் கால் ஊன்றி, வலியைச் சுமந்து திரும்பியவளுக்கு இப்போதுதான் மறுக்கும் உரிமை வந்திருக்கிறது. மறுத்துவிட்டு அவள் ஒரு விருந்துக்குப் போகிறாள். அங்கே அழகும் புகழும் உள்ள நடிகையொருத்தி அவளிடம் ஆர்வம் காட்டுகிறாள். வேறொருத்தி கிடைக்கக்கூடும் என்று அறிந்தபின், கிடைக்கக்கூடியவள் தனக்கு வேண்டியவளல்லள் என்பதையும் அறிந்து, கரோல் உணவருந்தும் இடத்தைத் தேடி நடக்கிறாள். கூட்டத்துக்கு அப்பால் கரோல் அவளைக் கண்டு கையை உயர்த்துகிறாள். கதை அவ்வளவே. இரண்டாம் வாய்ப்பு என்பது முதலாவதன் மறுபதிப்பாக இருந்தால் அது பயனற்றது. கேட்கப்பட்டவள் மறுக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதை ஹைஸ்மித் அறிந்திருந்தார். ஆன் எலியட்டும் அப்படித்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் பிறர் சொல்லுக்கு இசைந்தவள், நடுவில் பிறர் எடுத்துச்சொன்ன வேறொரு வரனுக்கு இசையாதவளாகிவிட்டிருந்தாள்.

1953இல் மலிவுப் பதிப்பு வந்தபின், பல இலட்சம் படிகள் விற்றன. கிளேர் மார்கன் என்ற பெயருக்குப் பதிப்பகத்தின் வழியாகக் கடிதங்கள் குவிந்தன. சிற்றூர்களில் யாரிடமும் பேசமுடியாமல் இருந்த ஆண்களும் பெண்களும் எழுதினார்கள். தம்மையொத்தவர் மணிக்கட்டை அறுத்துக்கொள்ளாமலும், நீரில் மூழ்காமலும், மனம் திருந்தி ஆடவனை மணக்காமலும் முடிகிற ஒரு கதையைக் கண்டதற்காக நன்றி கூறினார்கள். கதையின் முடிவு ஓர் அழகியல் சிக்கல் மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கரோலும் தெரீஸும் மோதிரம் மாற்றிக்கொள்ளவில்லை. அப்படிச் செய்யலாம் என்ற எண்ணமே அக்கதைக்குள் இல்லை. அவ்வெண்ணம் சட்டமான காலம் பிறகு வந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்து ஒருபாலினர் திருமணத்தை உலகிலேயே முதன்முதலாக ஏற்றது. அமெரிக்காவில் 2004 மே 17இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தொடங்கியது. 2015 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதனை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. டாட் ஹேய்ன்ஸ் இயக்கிய ‘கரோல்’ திரைப்படம் அவ்வாண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, நவம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இரண்டு திரையிடல்களுக்கும் இடையில் பார்வையாளர் வாழும் நாடே மாறிவிட்டிருந்தது. கேட் பிளான்செட்டும் ரூனி மாராவும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் இருந்த அச்சத்தை, இளம் பார்வையாளர் வரலாறாகக் கண்டனர்.

மண உறுதி சட்டத்துக்குள் வந்ததும் கதையில் ஓர் இடர் தோன்றியது. முன்பு பிரித்தவர்கள் வெளியார்: கணவன், நீதிமன்றம், அஞ்சல் துறை. இப்போது உறுதியைத் தரவும் மணக்கவும் தடையில்லை என்றால், முறித்தது யார்? அவர்களுள் ஒருத்திதான். பழியை ஏற்றுவதற்கு வெளியே ஆள் இல்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போகிறது. அழைப்பிதழ் கிடைத்த உறவினர் ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கிறது. மோதிரத்தைத் திருப்பித் தருவதா என்ற வினா எழுகிறது. ஆணும் பெண்ணும் நெடுங்காலமாக அறிந்த இச்சிறுமைகள் யாவும் இவர்களுக்கும் உரிமையாயின. இதுவும் சமத்துவந்தான்.

இந்த இடரை நேரே சந்தித்ததில் 2020 நவம்பரில் வெளிவந்த ‘ஹாப்பியஸ்ட் சீசன்’ திரைப்படம் குறிப்பிடத்தக்கது. இயக்கியவர் கிளியா டுவால். அபி தன் காதலி ஹார்ப்பரிடம் கிறிஸ்துமஸ் காலையில் மணம் கேட்பதற்கு மோதிரம் வாங்கி வைத்திருக்கிறாள். ஹார்ப்பரின் பெற்றோர் வீட்டுக்குப் போகும் வழியில்தான், அவர்களிடம் ஹார்ப்பர் எதையும் சொல்லவில்லை என்பது தெரிகிறது. நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் தந்தையின் வீட்டில், அபி வெறும் அறைத்தோழியாக நடிக்க வேண்டும். சட்டைப்பையில் மோதிரம், உதட்டில் பொய். அப்பர்கிராஸில் பியானோ வாசித்த ஆன் எலியட் இருநூறு ஆண்டுகள் கடந்து இங்கே மறுபடியும் அமர்ந்திருக்கிறாள். ஆஸ்டினுக்கு லைமும் ஹைஸ்மித்துக்கு நெடுஞ்சாலையும் விடுதலை தந்தன. இங்கோ விடுமுறை என்பது வீடு திரும்புதல், வீடுதான் பொறி. பண்டிகைக்கு வீடு திரும்பும் எவரும் ஓரளவு பழைய வயதுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை அப்படம் நன்கு உணர்ந்திருக்கிறது.

ஹார்ப்பர் பள்ளிப் பருவத்திலும் ஒருத்தியைக் காதலித்தாள். ரைலி என்று பெயர். செய்தி வெளிப்பட்டபோது, தன்னைக் காத்துக்கொள்ள ரைலியைப் பிறர் ஏளனத்துக்குக் காட்டிக்கொடுத்தாள். இப்போது அபியையும் மறுதலிக்கிறாள். அபி விலகுகிறாள், பின்னர் மன்னிக்கிறாள், மறு ஆண்டுக் கிறிஸ்துமஸில் இருவருக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது. படம் வெளிவந்ததும் பார்வையாளரிடையே எழுந்த வாதம் சுவையானது. ஹார்ப்பருக்கு இரண்டாம் வாய்ப்புத் தந்திருக்கலாகாது, அபி ரைலியோடு போயிருக்க வேண்டும் என்று பலர் வாதிட்டனர். இன்பமான முடிவு கிடைத்தாலே போதும் என்று 1953இல் நன்றிக் கடிதம் எழுதியவர்களின் வழித்தோன்றல்கள், எந்த இன்பமான முடிவு, யாரோடு, அவள் அதற்குத் தகுதியானவளா என்று கேட்கிறார்கள். மறுக்கும் உரிமை தெரீஸிடமிருந்து வாசகருக்கும் வந்துவிட்டது.

இன்றைய விடுமுறைப் புதினங்களில் பல, இக்கேள்வியின் முன் தயங்கி நின்றுவிடுகின்றன. முறிவுக்குக் காரணமாகத் தவறாகக் கேட்ட ஒரு தொலைபேசி உரையாடலையோ, கைசேராத ஒரு கடிதத்தையோ காட்டுகின்றன. இருவரும் குற்றமற்றவர், பனிப்புயல் ஒன்று இருவரையும் ஒரே விடுதியில் அடைத்துவைத்தால் எல்லாம் தெளிந்துவிடும். படிக்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் குற்றமே இல்லாதபோது மன்னிப்புக்கு வேலையில்லை. மன்னிப்பு இல்லாதபோது அந்த மோதிரம் மறுபடியும் விரலேறுவதில் கனமில்லை. ஆன் எலியட் உண்மையாகவே தளர்ந்தவள். வென்ட்வொர்த் உண்மையாகவே சினத்தில் ஆண்டுகளை வீணாக்கியவன்; இரண்டாண்டுகளிலேயே மறுபடியும் கேட்டிருந்தால் இசைந்திருப்பாளா என்று அவன் பின்னர் வினவ, இசைந்திருப்பேன் என்ற விடை வருகிறது. அந்த ஆறு ஆண்டுகளை எந்தப் பனிப்புயலும் திருப்பித் தராது.

1952இன் அவ்விரு நூல்களையும் எழுதியவர்கள் வாழ்வில் சந்தித்துக்கொண்டதும் உண்டு. 1950களின் இறுதியில் ஹைஸ்மித்தும் மரிஜேன் மீக்கரும் காதலர் ஆயினர். பென்சில்வேனியா மாநிலத்தில் நாட்டுப்புற வீடொன்றில் சிறிது காலம் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தனர். ஒருவர் இன்பமான முடிவை எழுதியவர். மற்றவர் துன்பமான முடிவை எழுதும்படி பணிக்கப்பட்டவர். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, தம் இறுதி ஆண்டுகளில், ஐரோப்பாவில் குடியிருந்த ஹைஸ்மித் அமெரிக்கா வந்தபோது மீக்கரின் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். கதைக்குரிய சூழல் எல்லாம் அமைந்திருந்தது. ஆனால் வந்தவர் கசப்பும் வெறுப்புப் பேச்சும் நிறைந்தவராக மாறியிருந்தார். ஹைஸ்மித் 1995 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். மீக்கர் அந்தக் காதலைப் பற்றி எழுதிய நினைவு நூல் 2003இல் வெளிவந்தது.